சொந்தமாக டிஏசி செய்ய: எந்தக் காகிதம், எந்தக் கடை, எது முதலில்

டிஏசி, அதாவது டிஜிட்டல் பாட்டை ஆம்புக்குப் புரிகிற வோல்டேஜாக மாற்றும் கருவி, செய்யப் போகிறேன் என்று கிளம்புகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது எந்த சிப் நல்லா பாடும் என்றுதான். சென்னை காலடிப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி போன வாரம் இதையே கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். எந்த சிப்புக்கு முழு டேட்டாஷீட்டும் (சிப்பின் விவரத் தாள்), அதைச் செய்த கம்பெனியே வெளியிட்ட மாதிரி போர்டின் சர்க்யூட்டும் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ள முடிகிறதோ, அந்த சிப்பை எடு. பெயர் பெற்ற சிப், விலை கூடிய சிப் எல்லாம் அப்புறம். முதல் டிஏசி பாதியிலேயே நின்று அட்டைப்பெட்டிக்குள் போய்விடுவது ஏன் என்று பார்த்தால், சிப்பின் ஏதோ ஒரு கால் (பின்) எங்கே போக வேண்டும் என்று சொல்ல ஆளும் இல்லை தாளும் இல்லை என்பதாகத்தான் இருக்கும்.

வேலை என்னவென்று ஒரு வரியில் பார்த்துவிடலாம். சிடி தரத்தில் இருக்கும் பாட்டு என்பது ஒவ்வொரு பக்க ஸ்பீக்கருக்கும் நொடிக்கு 44,100 எண்கள், ஒவ்வொரு எண்ணும் 65,536 படிகளில் ஏதோ ஒன்று, இதைத்தான் 16 பிட் என்பார்கள். அந்த எண்களை வாங்கி வோல்டேஜாக மாற்றி ஆம்புக்குக் கொடுப்பதுதான் டிஏசி. எண்கள் சிப்புக்குள் போகும் பாதைக்கு ஐ2எஸ் என்று பெயர், பிலிப்ஸ் 1986-இல் கொடுத்தது, இன்றும் அதேதான். மூன்று கம்பிகள்: பிட் கிளாக், இடமா வலமா என்று சொல்லும் கிளாக், டேட்டா. சில சிப்புகள் நான்காவதாக மாஸ்டர் கிளாக் ஒன்றும் கேட்கும்.

ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் பிசிஎம்5102ஏ. இதைவிட நல்ல சிப்புகள் உண்டு, ஆனால் ஒன்றுமே தெரியாதவர் உட்கார்ந்து படித்தாலும் புரிகிற மாதிரி இதன் டேட்டாஷீட் எழுதப்பட்டிருக்கிறது. ஈஎஸ்எஸ் கம்பெனியின் பெரிய சிப்புகளுக்கு நீண்ட காலம் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால்தான் முழு டேட்டாஷீட் கிடைத்தது, வீட்டில் செய்கிறவருக்கு அது எட்டாத விஷயம். ஏகேஎம் என்ற ஜப்பான் கம்பெனியின் சிப்புகளின் கதை வேறு. 2020 அக்டோபரில் ஜப்பானில் நோபியோகாவில் இருந்த அவர்கள் தொழிற்சாலை தீப்பிடித்தது, அதற்கப்புறம் கொஞ்ச காலத்துக்கு அந்த சிப்புகளுக்கு உலகம் முழுக்கத் தட்டுப்பாடு. அதற்கு முன்னால் வெளிவந்த எத்தனையோ அருமையான சர்க்யூட்டுகளை, சிப் கிடைக்காமல் செய்ய முடியாமல் போயிற்று. அதனால் ஒரு சர்க்யூட் பிடித்துப்போனால் உடனே சிப் செய்த கம்பெனியின் பக்கத்துக்குப் போய், அது இன்னும் தயாரிப்பில் இருக்கிறதா, புது வடிவமைப்புக்கு வேண்டாம் என்று போட்டிருக்கிறார்களா, நிறுத்தியே விட்டார்களா என்று பாருங்கள். ஒரு நிமிட வேலை.

சரி, டேட்டாஷீட்டை எப்படிப் படிப்பது? முதல் பக்கத்தில் 112 டெசிபல், 384 கிலோஹெர்ட்ஸ் என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதைத் தாண்டிப் போங்கள். பின்பக்கம் நெருங்கும்போது வழக்கமான பயன்பாட்டுச் சர்க்யூட் என்று ஒரு படம் வரும், அதையடுத்து போர்டில் கோடுகளை எப்படி இழுக்க வேண்டும் என்று இன்னொரு படம். இந்த இரண்டையும் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பெரிதாக பிரிண்ட் எடுத்து சுவரில் ஒட்டிவிடுங்கள். அப்புறம் கால்களின் அட்டவணைக்கு வாருங்கள். 5102ஏ-வுக்கு 20 கால்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே பென்சிலால் நீங்களே தமிழில் ஒரு வரி எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் அந்தக் கால் உங்களுக்கு இன்னும் புரியவில்லை, அந்தப் பகுதியை மறுபடி படியுங்கள். நான் இப்படித்தான் கற்றுக்கொண்டேன், இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

இந்த ஒரு தாளில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். 3.3 வோல்ட் மட்டும் கொடுத்தால் போதும், மைனஸ் வோல்டேஜை சிப்பே உள்ளுக்குள் தயாரித்துக்கொள்ளும், அதற்காகத்தான் 2.2 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர்கள் சிப்பை ஒட்டியே நிற்க வேண்டும். மைனஸும் இருப்பதால் வெளியே வரும் ஒலி பூஜ்ஜிய வோல்ட்டைச் சுற்றியே ஆடுகிறது, ஆகவே வெளியீட்டில் பெரிய கப்பாசிட்டர் போட வேண்டியதில்லை. 470 ஓம் ரெசிஸ்டரும் 2.2 நானோஃபாரட் கப்பாசிட்டரும் போதும். அந்த ஜோடி வெட்டுவது ஏறக்குறைய 154 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே, காதுக்கு எட்டும் 20 கிலோஹெர்ட்ஸை அது தொடாது. மாஸ்டர் கிளாக் காலை கிரவுண்டில் கட்டிவிட்டால் பிட் கிளாக்கிலிருந்து சிப் தனக்கு வேண்டிய கிளாக்கைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. இவ்வளவும் இலவசக் காகிதத்தில் இருக்கும்போது, ஆளாளுக்கு ஒன்று சொல்வதைக் கேட்டு கப்பாசிட்டர் மாற்றிக்கொண்டிருப்பது எதற்கு?

இரண்டாவது காகிதம் கம்பெனியின் சோதனை போர்டுக்கான கையேடு. இதைப் பலர் தேடுவதே இல்லை. சிப் பெயரோடு இவிஎம் அல்லது எவாலுவேஷன் போர்டு என்று சேர்த்துத் தேடினால் வரும். முழு சர்க்யூட், ஒவ்வொரு அடுக்கிலும் செம்பு எப்படிப் போகிறது என்ற படம், பொருள் பட்டியல் எல்லாம் அதில் இருக்கும். சிப்பைச் செய்தவர்களே தங்கள் சிப்பை நன்றாகக் காட்டப் போட்ட போர்டு அது. எனக்குத் தெரிந்து இதைவிட நம்பகமான சர்க்யூட் வேறில்லை.

மூன்றாவது, பொதுவான பாடக் குறிப்புகள். அனலாக் டிவைசஸ் கம்பெனி எம்டி என்ற எண் வரிசையில் சின்னச் சின்னக் குறிப்புகள் வெளியிட்டிருக்கிறது, அதில் எம்டி-031 மட்டுமாவது படித்துவிடுங்கள். அனலாக் கிரவுண்ட், டிஜிட்டல் கிரவுண்ட் என்று இரண்டு கால் இருந்தால் என்ன செய்வது என்பதற்கான பதில் அது. அந்தக் கால்களின் பெயர் சிப்புக்கு உள்ளே அவை எங்கே போகின்றன என்பதைத்தான் சொல்கிறது, வெளியே இரண்டையும் சிப்புக்குப் பக்கத்திலேயே ஒரே கிரவுண்ட் தளத்தில் சேர்ப்பதுதான் பெரும்பாலும் சரி. இது தெரியாமல் இரண்டு கிரவுண்டையும் தனித்தனியாக இழுத்து எங்கோ ஒரு மூலையில் சேர்த்து, இரைச்சலை நானே வரவழைத்துக்கொண்டது என் இரண்டாவது போர்டு.

ஆங்கிலத்தில் படிக்கத் திணறுகிறவர்களுக்கு என்.பி.டி.இ.எல். வழியாக ஐஐடி ஆசிரியர்களின் மின்னணுவியல் பாடங்கள் இலவசம், சிலவற்றுக்குத் தமிழிலும் கிடைக்கிறது. புத்தகமாகப் புரட்ட வேண்டுமானால் எழும்பூர் கன்னிமாரா, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். வீட்டில் உட்கார இடமில்லை, கரண்டும் இணையமும் ஒழுங்காக வேண்டும் என்றால் கொளத்தூரில் 2024-இல் திறந்த முதல்வர் படைப்பகம் இருக்கிறது.

இனி பொருள். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்களுக்கு 2021-இலிருந்து விம்கோ நகர் மெட்ரோ இருப்பதால் மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு ரொம்பக் கிட்டே வந்துவிட்டது, அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், முக்கால்வாசி ஷட்டர் இறங்கியிருக்கும். அங்கே எதை வாங்குவது, எதை வாங்கக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். ஆர்சிஏ சாக்கெட், ரெசிஸ்டர், சாதாரண கப்பாசிட்டர், பெர்ஃப் போர்டு, ஜம்பர் வயர், ஈயம், ஃப்ளக்ஸ், சின்னக் கால் ஐசிக்கான அடாப்டர் போர்டு, ரெடிமேட் டிஏசி மாட்யூல் எல்லாம் அங்கேயே வாங்கலாம். தனி சிப் மட்டும் வேண்டாம். 5100ஏ, 5101ஏ, 5102ஏ மூன்றும் ஒரே கால் அமைப்பு, முதலாவது 100 டெசிபல், கடைசி 112 டெசிபல் (எண் கூடினால் இரைச்சல் குறைவு), மேலே எழுத்தை மாற்றிப் போட்டால் கண்ணால் கண்டுபிடிக்க வழியே இல்லை. சிப்பை எலிமெண்ட்14, மவுசர், டிஜிகீ போன்ற அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடமே வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து வருவதற்கு சுங்க வரியும் ஜிஎஸ்டியும் சேரும், அதனால் நாலு பேர் சேர்ந்து ஒரே ஆர்டராகப் போடுவது நல்லது.

முதல் தடவை ரிச்சி தெருவில் நான் கவுண்டரில் நின்று "அண்ணே, டிஏசி போர்டு இருக்கா?" என்றதும் கடைக்காரர் டிவிக்குப் போடும் ஆப்டிகல் கன்வெர்ட்டர் ஒன்றை எடுத்து வைத்தார். "இது இல்லண்ணே, ராஸ்பெரி பை-ல மாட்டறது" என்றேன், பை என்பது கையளவு கம்ப்யூட்டர் போர்டு. "அப்ப ஐ2எஸ்னு கேளு தம்பி, டிஏசினா இதான் எல்லாரும் கேக்குறாங்க" என்றார். அதிலிருந்து சிப் எண்ணையும் ஐ2எஸ் என்ற சொல்லையும் சேர்த்தே கேட்கிறேன், கூடவே போனில் மாட்யூலின் படத்தையும் வைத்துக்கொள்கிறேன். மூன்று கடை ஏறி இறங்கும் வேலை மிச்சம்.

சென்ட்ரலுக்குப் பின்னால் மூர் மார்க்கெட் பக்கமும் போய்ப் பாருங்கள். பழைய கட்டடம் 1985-இல் எரிந்துபோனது, ஆனாலும் அந்தப் பேரும் பழைய சாமான் வியாபாரமும் அந்த வட்டாரத்தை விட்டுப் போகவில்லை. ஓடாத டிவிடி பிளேயர் ஒன்று கிடைத்தால் வாங்குங்கள். உலோகப் பெட்டி, ஆர்சிஏ சாக்கெட், சில நேரம் உள்ளே ஒரு டிஏசி சிப், அதைச் சுற்றி வேலை செய்துகொண்டிருந்த ஒரு முழு அனலாக் சர்க்யூட். மாடல் எண்ணோடு சர்வீஸ் மேனுவல் என்று தேடினால் பல பிளேயர்களுக்கு சர்க்யூட் படம் கிடைக்கும், அந்தப் படத்தையும் கையில் இருக்கும் போர்டையும் பக்கத்தில் வைத்து விரலால் கோடு தொடர்ந்து பார்ப்பதைப்போல ஒரு பாடம் வேறு எதிலும் இல்லை. உள்ளே இருக்கும் பவர் சப்ளையை மட்டும் தொடாதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் பெரிய கப்பாசிட்டரில் ஆளைத் தூக்கிப்போடும் வோல்டேஜ் நிற்கும்.

பழைய பிலிப்ஸ் சிப்புகளின் மேல் ஆசைப்படுகிறவர்களுக்கும் ஒன்று. டிடிஏ1543-க்கு எட்டுக் கால்தான், பெரிய கால், கையால் பற்றவைக்க சுகமாக இருக்கும், 16 பிட். டிடிஏ1541ஏ-வின் பெயர் அதைவிடப் பெரிது. ஆனால் இரண்டும் தயாரிப்பு நின்று ரொம்ப நாளாயிற்று. இன்று விற்பனைக்கு வருவது பழைய போர்டில் இருந்து பிடுங்கியதாக இருக்கலாம், எழுத்து மாற்றிய போலியாகவும் இருக்கலாம். முதல் டிஏசிக்கு இந்த வழியில் போக வேண்டாம் என்பது என் கருத்து. சிப் இல்லாமல் ரெசிஸ்டர்களை ஏணி மாதிரி அடுக்கி நானே செய்கிறேன் என்பவர்கள் 8 பிட்டில் ஒன்று செய்து பாருங்கள், நன்றாகப் புரியும். அங்கேயே 1 சதவீத ரெசிஸ்டர் தடுமாறும், ஏனென்றால் 8 பிட்டில் ஒரு படி என்பது 256-இல் ஒரு பங்கு. 16 பிட்டுக்கு எவ்வளவு துல்லியம் வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ரெடிமேட் ஊதா நிற 5102 மாட்யூலை வாங்கி ராஸ்பெரி பை-யோடு இணைத்துப் பாட வையுங்கள், சில நூறு ரூபாய்தான் ஆகும். பை-யின் 40 கால் வரிசையில் 12-ஆம் கால் பிட் கிளாக், 35 இடம்-வலம் கிளாக், 40 டேட்டா. 38-உம் ஐ2எஸ் கால்தான், ஆனால் அது உள்ளே வருவதற்கு, அவசரத்தில் அங்கே மாட்டிவிட்டுப் பாட்டு வரவில்லை என்று உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய. 5 வோல்ட்டுக்கு 2-ஆம் கால், கிரவுண்டுக்கு 6. பை-யின் கான்ஃபிக் கோப்பில் (config.txt) ஹைஃபைபெர்ரி டிஏசிக்கான ஓவர்லே வரியை, அதாவது இப்படி ஒரு டிஏசி மாட்டியிருக்கிறது என்று பை-க்குச் சொல்லும் வரியைச் சேர்த்து, பை-யின் சொந்த ஆடியோ வரியை நிறுத்தி, மறுபடி ஆன் செய்தால் சவுண்டு கார்டு பட்டியலில் பெயர் வந்துவிடும். அதற்கென்று தனியாக டிரைவர் எதுவும் தேட வேண்டியதில்லை.

எனக்குப் பெயர் வந்தது, பாட்டு வரவில்லை. ராத்திரி பதினொரு மணி, வீட்டில் எல்லோரும் தூங்கியாகிவிட்டது, நான் கம்பிகளைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டிக்கொண்டிருந்தேன். மூன்று கம்பியும் சரி, 5 வோல்ட் சரி. கடைசியில் சுவரில் ஒட்டியிருந்த தாளுக்கே போனேன். என் பென்சில் எழுத்தில் 17-ஆம் கால் எதிரே "தாழ்ந்தால் வாயை மூடும்" என்று இருந்தது. மீட்டரின் ஊசிமுனையை அந்தக் காலில் வைத்தேன், 0.0 என்று காட்டியது. மாட்யூலைத் திருப்பினால் பின்னால் நான்கு ஜோடி பற்றவைக்கும் இடங்கள், 1 முதல் 4 வரை எண், ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் மேல், மறுபக்கம் தாழ். மூன்றாவது ஜோடி எந்தப் பக்கமும் சேராமல் வெறுமனே பளபளவென்று இருந்தது. அதில் மேல் பக்கமாக ஒரு கடுகளவு ஈயம் வைத்தேன், அவ்வளவுதான், ஹெட்ஃபோனில் வயலின் வந்தது. மற்ற மூன்றையும் தாழ் பக்கம் சேருங்கள், முன்பக்கம் மாஸ்டர் கிளாக்குக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஜோடியையும் ஈயத்தால் கிரவுண்டோடு சேருங்கள். சில மாட்யூல்களில் இதெல்லாம் போட்டே வரும், சிலவற்றில் வராது, திருப்பிப் பார்த்துவிட்டு மின்சாரம் கொடுங்கள்.

பை வேண்டாம், லேப்டாப்பில் யுஎஸ்பியில் மாட்டணும் என்றால் பிசிஎம்2704சி ஒரே சிப்பில் முடித்துவிடும், டிரைவர் கேட்காது, ஆனால் 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸோடு சரி. அதற்கு மேல் வேண்டுமானால் எக்ஸ்மோஸ் (XMOS) சிப் வைத்த யுஎஸ்பி-ஐ2எஸ் போர்டு வாங்குங்கள். 2017-க்குப் பிறகு வந்த விண்டோஸ் 10 பதிப்புகளில் டிரைவர் தானாக வரும், அதற்கு முந்தையது என்றால் போர்டு செய்தவர் டிரைவர் தருகிறாரா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பவர் சப்ளையைப் பற்றி எவ்வளவோ எழுதுகிறார்கள். எல்டி3045 என்ற ரெகுலேட்டரின் இரைச்சல் 0.8 மைக்ரோவோல்ட்தான், அருமையான பொருள், ஒரு நாள் போடுங்கள். ஆனால் ஹம் (ம்ம்ம் என்ற ரீங்காரம்) வந்தால் முதலில் ஒரு பவர் பேங்கில் ஓட்டிப் பாருங்கள். ஹம் நின்றால் குற்றம் உங்கள் சார்ஜரிலோ கிரவுண்ட் வளையத்திலோ இருக்கிறது, சிப்பை மாற்றி ஒன்றும் ஆகாது. எங்கள் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், பின்னால் எர்த் வயர் இருக்காது, ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதை முதலில் பார்த்துவிடுங்கள். 230 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வேலையை முதல் டிஏசியில் எடுக்கவே எடுக்காதீர்கள்.

கடல் காற்றையும் சேர்த்துச் சொல்லணும். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் திறந்து வைத்த செம்பு சீக்கிரமே மங்கும், விட்டால் பச்சை பூக்கும். பற்றவைத்து முடித்ததும் மிச்ச ஃப்ளக்ஸை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள், வெற்று போர்டுகளை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் கவரில் போட்டு வையுங்கள்.

அளக்க என்ன வேண்டும்? சல்லிசான மஞ்சள் மீட்டர் டிடி830டி-யில் ஏசி வோல்ட் 200-இலிருந்துதான் தொடங்கும், 2 வோல்ட்டை அதில் பார்ப்பது வீண். 2 அல்லது 20 வோல்ட் ஏசி இருக்கும் மீட்டராக வாங்குங்கள். ஆடாசிட்டி என்ற இலவச ஒலி மென்பொருளில் 100 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை முழு அளவில் உண்டாக்கி ஓட்டினால் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 2.1 வோல்ட் காட்ட வேண்டும். 1,000 ஹெர்ட்ஸில் சல்லிசான மீட்டர்கள் பிசகும், அதனால்தான் 100. ஒரு பக்கம் குறைந்தால் அந்தப் பக்கத்து 470 ஓமையும் அதைச் சுற்றிய ஈயத்தையும் பாருங்கள். கம்பியில் என்ன ஓடுகிறது என்று பார்க்க 8 சேனல் லாஜிக் அனலைசரும் பல்ஸ்வியூ என்ற இலவச மென்பொருளும் போதும், அதில் ஐ2எஸ் படிக்கும் வசதி இருக்கிறது. ஃப்ரேமுக்கு (இடமும் வலமும் சேர்ந்த ஒரு ஜோடி எண்ணுக்கு) 64 பிட் என்றால் சிடி தரத்தில் பிட் கிளாக் 2.8224 மெகாஹெர்ட்ஸ், 24 மெகாஹெர்ட்ஸ் அனலைசருக்கு அது எளிது.

இவ்வளவும் ஓடிவிட்டால் கீகேட் (KiCad) என்ற மென்பொருளில் சொந்த போர்டு வரையலாம், அது இலவசம். இணையத்தில் கிடைக்கும் யாரோ ஒருவரின் சர்க்யூட்டை அடிப்படையாக வைப்பதானால், கால் எண்களை டேட்டாஷீட்டோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள், அளந்து பார்த்த வரைபடம் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள், சிப் பெயரின் கடைசி எழுத்து வரை சரிபாருங்கள், 5102-உம் 5122-உம் ஒன்றல்ல. கெர்பர் கோப்பை (போர்டு அடிப்பவர்களுக்கு அனுப்பும் வரைபடக் கோப்பு) அனுப்புவதற்கு முந்தின நாள் போர்டை ஏ4 தாளில் நூறு சதவீத அளவில் பிரிண்ட் எடுத்து, வாங்கி வைத்திருக்கும் ஆர்சிஏ சாக்கெட்டை அந்தத் தாளின் மேல் அழுத்திக் குத்துங்கள். கால்கள் வரைந்த ஓட்டைகளில் விழவில்லை என்றால் அன்றைக்கு அனுப்பாதீர்கள்.